டச்டவுன் அடித்தவரா, வேலை கிடைத்தவரா? செப்டம்பர் மாத வேவர் குழப்பம்

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். அலுவலகத்து நண்பர்களோடு பன்னிரண்டு அணி ஃபேன்டஸி ஃபுட்பால் லீக், அதாவது அமெரிக்க ஃபுட்பால் ஆட்டக்காரர்களை டிராஃப்டில் ஆளுக்கொருவராக எடுத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் நிஜ ஆட்டத்தில் ஆடுவதற்குப் புள்ளி வாங்குவது. பிபிஆர் கணக்கு, அதாவது பிடிக்கிற ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி. சீசன் முழுவதற்கும் ஆளுக்கு 100 டாலர் விளையாட்டுப் பணம், அதை வைத்து வேவர் ஏலம், அதாவது யார் அணியிலும் இல்லாத ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுப்பது. இரண்டு வாரம் முடிந்து இரண்டிலும் தோல்வி, டிராஃப்டின் இரண்டாவது சுற்றில் எடுத்த ரன்னிங் பேக் (பந்தைக் கையில் வாங்கி ஓடுபவர்) காலில் அடிபட்டு உட்கார்ந்துவிட்டார். யார் அணியிலும் இல்லாதவர்களில் மூன்று பேரைக் குறித்து வைத்திருக்கிறீர்கள். ஒருவர் இந்த ஞாயிறு இரண்டு நீளமான டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது) அடித்த ரிசீவர், அதாவது எறிகிற பந்தைப் பிடிப்பவர். ஆனால் அவர் பக்கம் பந்து வந்ததே மூன்று தடவைதான். அடுத்தவர் புதுமுக ரிசீவர், இரண்டு வாரத்தில் 17 தடவை பந்து வந்திருக்கிறது, டச்டவுன் ஒன்றுகூட இல்லை. மூன்றாமவர், முதல் ஆளுக்கு அடிபட்டதால் உள்ளே வந்த மாற்று ரன்னிங் பேக். யாரை எடுப்பது, எவ்வளவு போடுவது என்று கேட்கிறீர்கள். எனக்கு அதில் வேறொரு கேள்வி தெரிகிறது: கையில் இருப்பது இரண்டே வாரக் கணக்கு, அதில் எதை நம்புவது? இதற்கு விடை கிடைத்தால் உங்கள் மூன்று பேரும் தானாக வரிசையில் நின்றுவிடுவார்கள்.

நான் இந்த விளையாட்டுக்குள் வந்தது 2012இல். அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்த ஃபுட்பால் காலால் உதைப்பதுதான். நியூஜெர்சியில் வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒரு ஆள் குறைகிறது என்று என்னை லீக்கில் இழுத்துப் போட்டார்கள். சீசனின் முதல் ஆட்டம் டாலஸும் நியூயார்க் ஜயன்ட்ஸும், வழக்கமான வியாழனுக்குப் பதில் அந்த வருடம் புதன்கிழமை. கெவின் ஓகிள்ட்ரீ என்று ஒருவர், டாலஸின் மூன்றாவது ரிசீவர், 8 பந்து பிடித்து 114 யார்டு, 2 டச்டவுன். நான் சோபாவில் எழுந்து நின்றுவிட்டேன். அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை வாஷிங்டனுக்காக ஆல்ஃபிரட் மோரிஸ் என்ற புதுமுக ரன்னிங் பேக், நிஜ அணிகள் புதியவர்களை எடுக்கும் டிராஃப்டில் ஆறாவது சுற்றில்தான் வந்தவர், 28 முறை பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி 96 யார்டு, அவரும் 2 டச்டவுன். இருவருமே எங்கள் லீக்கில் வெளியேதான் கிடந்தார்கள், எனக்கு வேவரில் முன்னுரிமையும் இருந்தது. நான் ஓகிள்ட்ரீயை எடுத்தேன். கேட்டால் காரணமும் வைத்திருந்தேன்: வாஷிங்டன் கோச் மைக் ஷனஹான் ரன்னிங் பேக்கை வாராவாரம் மாற்றுகிறவர், மோரிஸை நம்ப முடியாது என்று. சீசன் முடிந்தபோது மோரிஸ் 1,613 யார்டு, 13 டச்டவுன். ஓகிள்ட்ரீ சீசன் முழுக்கச் சேர்த்து 436 யார்டு. அந்த வருடம் எங்கள் லீக்கில் கடைசி இடம் எனக்குத்தான், அதற்குத் தண்டனையாக மூன்று மாதம் எல்லோருக்கும் வெள்ளிக்கிழமை டோனட் வாங்கிப் போட்டேன்.

அந்த இரண்டு பேரையும் இன்றைக்குத் திரும்பிப் பார்த்தால் வித்தியாசம் கண்ணில் அறைகிறது. ஓகிள்ட்ரீக்கு முன்னால் டெஸ் பிரையன்ட், மைல்ஸ் ஆஸ்டின் என்று இரண்டு பேர் இருந்தார்கள், டைட் எண்ட் (எதிரணியைத் தடுப்பதும் பந்து பிடிப்பதும் செய்பவர்) ஜேசன் விட்டன் மண்ணீரல் காயத்திலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். அன்றைக்கு ஜயன்ட்ஸ் மற்றவர்களை மூடப் போய் இவர் திறந்து கிடைத்தார், அவ்வளவுதான். மோரிஸுக்கு கோச் 28 தடவை பந்தைக் கொடுத்தார். ஒரு புதுமுகத்துக்கு முதல் ஆட்டத்தில் 28 தடவை யாரும் தெரியாத்தனமாகக் கொடுக்க மாட்டார்கள். கிரிக்கெட் பாஷையில் சொன்னால், எட்டாவது ஆளாக வந்து ஒன்பது பந்தில் முப்பது அடித்தவருக்கும், திடீரென்று ஓப்பனிங் இறக்கிவிடப்பட்டு முப்பது அடித்தவருக்கும் உள்ள வித்தியாசம். ரன் ஒன்றுதான். ஆனால் அடுத்த மேட்சில் யாருக்கு எத்தனை பந்து கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். செப்டம்பரில் அது பாதிதான் உண்மை. ஒரு வாரத்துப் புள்ளியை வைத்துப் பானையைப் பார்த்தால் ஏமாறுவீர்கள், ஒரு வாரத்து வேலையை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் சரியாக வரும். வேலை என்று நான் சொல்வது நாலு விஷயம். அணி தாக்குதலில் இருந்தபோது எத்தனை ஸ்னாப்புக்கு (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்னாப்) களத்தில் நின்றார், ரிசீவர் என்றால் பாஸ் எறியும்போது எத்தனை தடவை ரூட் (பிடிக்கப் போகும் பாதை) ஓடினார், எத்தனை டார்கெட் (அவர் பக்கம் எறிந்த பந்து), ரன்னிங் பேக் என்றால் எத்தனை ஓட்டம், அதிலும் டச்டவுன் கோட்டுக்குப் பக்கத்தில் எத்தனை. இதெல்லாம் திங்கட்கிழமை காலையிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. டச்டவுனை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன், ஏனென்றால் அதைப்போல ஆடி அடங்குகிற எண் வேறு கிடையாது. சாமி வாட்கின்ஸ் 2019 முதல் வாரத்தில் கன்சாஸ் சிட்டிக்காக 198 யார்டு, 3 டச்டவுன் அடித்தார், பிபிஆரில் 46.8 புள்ளி. பிளேஆஃபைச் சேர்க்காமல் அந்த சீசனில் அவர் மொத்தம் அடித்த டச்டவுனும் அந்த மூன்றேதான். அவர் டிராஃப்டிலேயே போயிருப்பார், வேவரில் கிடைத்தவர் இல்லை, ஆனால் அடுத்த நாள் அவருக்காக நல்ல ஆளைக் கொடுத்து டிரேட் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் பூக்கா நகுவா. 2023, லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி ஐந்தாவது சுற்றில் எடுத்த ரிசீவர் பையன். அந்த அணியின் முதல் ரிசீவர் கூப்பர் கப் தொடைத்தசைக் காயத்தில் முதல் நான்கு ஆட்டம் இல்லை என்று முன்பே தெரிந்துவிட்டது. முதல் வாரம் நகுவாவுக்கு 15 டார்கெட், 10 பிடித்து 119 யார்டு. டச்டவுன் இல்லை. எங்கள் லீக்கில் பாதிப் பேர் "கப் வந்தால் இவன் காலி" என்று சொல்லிப் பத்துப் பன்னிரண்டு டாலரோடு நின்றுகொண்டார்கள். நான் 31 போட்டேன், கிடைத்தார். அடுத்த வாரம் சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிராக 20 டார்கெட், 15 பிடிப்பு, 147 யார்டு. சீசன் முடிவில் 105 பிடிப்பு, 1,486 யார்டு. இரண்டும் அப்போது புதுமுகங்களுக்கான சாதனை. நான் என்ன கெட்டிக்காரனா என்றால் இல்லை, இவ்வளவு தூரம் போவார் என்று சத்தியமாக நினைக்கவில்லை. கப் வரும்வரை ஒரு மாதம் ஓடும் என்றுதான் நினைத்தேன். 15 டார்கெட் என்ற ஒரே எண்ணுக்காகப் பணம் போட்டேன்.

ரன்னிங் பேக் விஷயத்தில் இது இன்னும் எளிது, அதனால்தான் செப்டம்பரில் என் பணத்தில் பெரும்பகுதி அங்கே போகும். ரிசீவருக்குப் பந்து வர அவர் திறமை, பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் நம்பிக்கை, எதிரணி எல்லாம் சேர வேண்டும். ரன்னிங் பேக்குக்குப் பந்தைக் கையில் வைத்துக் கொடுக்கிறார்கள், முன்னால் நின்றவர் விழுந்தால் பின்னால் நிற்பவருக்கு மறுநாளே சம்பள உயர்வு. 2021 முதல் வாரத்தில் சான் பிரான்சிஸ்கோவின் ரஹீம் மோஸ்டர்ட் இரண்டே ஓட்டத்தில் முழங்கால் போய் வெளியேறினார். எல்லோரும் ஃபேன்டஸி டிராஃப்டில் பிடித்து வைத்திருந்தது மூன்றாவது சுற்றுப் புதுமுகம் டிரே சர்மனை. அவர் அன்று ஆட்டத்துக்கே பட்டியலில் இல்லை. ஆறாவது சுற்றில் வந்த இலைஜா மிட்செல் 104 யார்டு ஓடினார், பதினோரு ஆட்டத்தில் 963 யார்டோடு முடித்தார். அணி யாரை எந்தச் சுற்றில் எடுத்தது என்பது ஆகஸ்டு மாதக் கதை. செப்டம்பரில் யாரை உள்ளே அனுப்புகிறார்கள் என்று பாருங்கள். அதே ஊரில் 2024இல், பெரும்பாலான ஃபேன்டஸி டிராஃப்டில் முதல் ஆளாகப் போன கிறிஸ்டியன் மெக்காஃப்ரி முதல் ஆட்டத்துக்கு வரவில்லை, எந்த நிஜ அணியும் டிராஃப்டில் எடுக்காமல் பின்வாசல் வழியாக வந்த ஜோர்டன் மேசன் 28 ஓட்டம், 147 யார்டு. மெக்காஃப்ரி திரும்பியது பத்தாவது வாரம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது கைரன் வில்லியம்ஸ், 2023 ராம்ஸ். நகுவா வந்த அதே வாரம், அதே ஆட்டம். பெயருக்கு முதல் ஆள் கேம் ஏக்கர்ஸ், 22 ஓட்டம், ஆனால் வெறும் 29 யார்டு. கைரன் 15 ஓட்டம், 52 யார்டு, 2 டச்டவுன். ஓட்டக் கணக்கை மட்டும் பார்த்தவர்கள் ஏக்கர்ஸ்தான் முதல் ஆள் என்று விட்டுவிட்டார்கள். ஸ்னாப் கணக்கைப் பார்த்தவர்களுக்குக் களத்தில் அதிக நேரம் நின்றது கைரன் என்று தெரிந்தது. அடுத்த வாரம் ஏக்கர்ஸ் ஆட்டப் பட்டியலிலேயே இல்லை, சில நாளில் மின்னசோட்டாவுக்கு அனுப்பிவிட்டார்கள். கைரன் பன்னிரண்டு ஆட்டத்தில் 1,144 யார்டு ஓடினார்.

சரி, இதுவரை சொன்னதைக் கேட்டால் ஏதோ சூத்திரம் மாதிரி இருக்கும். அப்படி இல்லை. வேலையைப் பார்த்து எடுத்தும் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதைகள் உண்டு. 2024 சீசனின் முதல் ஆட்டம், பால்டிமோர் டைட் எண்ட் ஐசேயா லைக்லி. 12 டார்கெட், 9 பிடிப்பு, 111 யார்டு, ஒரு டச்டவுன். அன்றைய கடைசிப் பாஸில் கால்விரல் மட்டும் கோட்டுக்கு வெளியே படாமல் இருந்திருந்தால் இன்னொன்று. டார்கெட் இருக்கிறது, ஸ்னாப் இருக்கிறது, முதல் டைட் எண்ட் மார்க் ஆண்ட்ரூஸுக்கு வயதாகிறது என்று எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டு 27 டாலர் போட்டேன். அடுத்த ஆட்டத்தில் இரண்டு பிடிப்பு. பிறகு யோசித்ததில், அன்றைக்கு பால்டிமோர் பெரும்பாலும் பின்தங்கி இருந்து பந்தை எறிந்துகொண்டே இருந்தது, அந்த அணி எப்போதும் ஓடித்தான் ஜெயிக்கும் அணி. அதாவது நான் பார்த்த வேலை லைக்லியின் நிரந்தர வேலை கிடையாது, அந்த ஒரு இரவுக்கான கூடுதல் ஷிஃப்ட். அப்போதிலிருந்து, எண்ணைப் பார்த்ததும் அந்த ஆட்டம் எப்படிப் போனது என்று ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். இருபது புள்ளி பின்தங்கிய அணியின் நாலாவது குவார்ட்டர் டார்கெட்டுகளுக்குப் பாதி மதிப்புதான் தருவேன்.

மாற்று ரன்னிங் பேக்கிலும் இப்படி ஒரு குழி உண்டு. 2023 இரண்டாவது வாரம், திங்கள் இரவு, கிளீவ்லாந்தின் நிக் சப் முழங்கால் நொறுங்கி வெளியே போனார், பார்க்கவே முடியவில்லை. ஜெரோம் ஃபோர்டு வந்து 106 யார்டு ஓடினார். மறுநாள் எல்லோரும் பட்ஜெட்டைக் கொட்டினார்கள், புதன்கிழமையே கிளீவ்லாந்து பழைய ஆள் கரீம் ஹன்ட்டைத் திரும்பக் கூட்டி வந்தது. ஃபோர்டு மோசமாகப் போகவில்லை, 813 யார்டு ஓடினார், பந்தும் பிடித்தார். ஆனால் கோட்டுக்குப் பக்கத்து ஓட்டமெல்லாம் ஹன்ட்டுக்குப் போய், ஓடியே 9 டச்டவுன் அடித்தது ஹன்ட். மாற்று ஆளுக்குப் பணம் போடுமுன் அவருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள், வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் பழைய ஆள் யாராவது அந்த அணிக்குப் பொருந்துகிறாரா என்று ஐந்து நிமிடம் பார்ப்பது இதனால்தான்.

இப்போது உங்கள் மூன்று பேர். மூன்று டார்கெட்டில் இரண்டு டச்டவுன் அடித்தவரைத் தொடாதீர்கள், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் அடுத்த வாரமும் அடிக்கலாம், ஆனால் எந்த வாரம் என்று தெரியாமல் அவரைப் பெஞ்சில் வைத்துக்கொண்டு, அடித்த வாரமெல்லாம் வெளியே வைத்திருந்தோமே என்று புலம்புவீர்கள். மற்ற இருவரில் மாற்று ரன்னிங் பேக்கை முதலில் வைக்கிறேன், ஒரு நிபந்தனையோடு: முதல் ஆள் எத்தனை வாரம் இல்லை என்பது. முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிந்தது என்றால் சீசன் முடிந்தது. அப்படிப்பட்ட நிலையில், பின்னால் சரியான போட்டி ஆள் இல்லையென்றால் 45 முதல் 55 டாலர் வரை நான் போடுவேன். கணுக்காலுக்கு மேல் சுளுக்கு மாதிரி, நாலு ஐந்து வாரத்தில் திரும்பி வரக்கூடிய காயமென்றால் இருபதைத் தாண்ட மாட்டேன். புதுமுக ரிசீவருக்கு 15 முதல் 20. டச்டவுன் இல்லாததால் உங்கள் லீக்கில் அவரைப் பெரிதாக யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், அதுதான் உங்கள் லாபம். இரண்டு பேருக்கும் ஏலம் போடுங்கள், இரண்டு பேரும் கிடைத்தாலும் நல்லதே. இந்த டாலர் கணக்கெல்லாம் என் கைப்பழக்கம்தான். உங்கள் லீக்கில் போன வாரம் வென்ற ஏலங்கள் எவ்வளவுக்குப் போயின என்று பட்டியல் இருக்கும், அதைப் பார்த்து ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சீக்கிரம் பாதிப் பணத்தைக் கொட்டலாமா என்று கை நடுங்கும். கொட்டலாம். இந்த வாரம் எடுக்கிற ஆள் மூன்றாவது வாரத்திலிருந்து இறுதி ஆட்டமான பதினேழாவது வாரம் வரை பதினைந்து வாரம் உங்களுக்கு உழைப்பார். ஒன்பதாவது வாரம் முடிந்து எடுப்பவர் எட்டு வாரம்தான். நவம்பரில் நிறையப் பணத்தோடு உட்கார்ந்திருப்பவரை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன், பெரும்பாலும் அவர் அணி பிளேஆஃபுக்கு வெளியே இருக்கும். அப்புறம் ஒரு சின்னத் தந்திரம், 20, 25, 50 என்று ரவுண்டான எண்ணில் போடாதீர்கள், எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள். 21, 26, 53 போடுங்கள். ஒரே ஒரு டாலரில் நான் வென்றதும் உண்டு, தோற்றதும் உண்டு.

நேரமும் முக்கியம். பெரும்பாலான லீக்குகளில் ஏலம் செவ்வாய் இரவு தாண்டி, புதன் விடியற்காலையில் முடிகிறது. ஆனால் அந்த வாரத்தின் முதல் காயப் பட்டியலை அணிகள் வெளியிடுவது பொதுவாகப் புதன்கிழமை பயிற்சிக்குப் பிறகு. ஆக நீங்கள் பணம் போடும்போது கையில் இருப்பது திங்கட்கிழமை கோச் சொன்னதும், ஸ்கேன் பற்றிச் செய்தியாளர்கள் சொன்னதும்தான். கோச் "அன்றன்றைக்குப் பார்த்துச் சொல்கிறோம்" என்றால் அதற்கு ஒன்றுமே தெரியாது என்று அர்த்தம், நல்லதாகவும் எடுக்கக்கூடாது, கெட்டதாகவும் எடுக்கக்கூடாது. ஐஆர் (அடிபட்டவர்கள்) பட்டியலில் போட்டுவிட்டார்கள் என்றால் மட்டும் குறைந்தது நாலு ஆட்டம் இல்லை என்பது விதி, அதை நம்பலாம்.

யாரை வெளியே விடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இரண்டு தோல்விக்குப் பிறகு பதற்றத்தில் எல்லோரும் தப்பு செய்வது அங்கேதான். இரண்டாவது குவார்ட்டர்பேக், இரண்டாவது டிஃபென்ஸ் (ஒரு நிஜ அணியின் தடுப்பாட்டம் முழுவதையும் ஒரே ஆள் மாதிரி எடுப்பது), பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் டைட் எண்ட், இவர்கள் முதலில் போகட்டும். இரண்டாவது கிக்கர் வைத்திருக்கிறீர்கள் என்றால் தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள். வளர்ந்துகொண்டிருக்கும் இளைஞரை மட்டும் அவசரப்பட்டு விடாதீர்கள். ஜஸ்டின் ஜெஃபர்சன் 2020இல் முதல் வாரம் 26 யார்டு, இரண்டாவது வாரம் 44. இரண்டு வாரம் பார்த்துவிட்டு எங்கள் லீக்கில் ஒருவர் அவரைக் கழற்றிவிட்டார். மூன்றாவது வாரம் 175 யார்டு, சீசன் முழுக்க 1,400. கழற்றிவிட்டவர் இன்றைக்கும் அந்தப் பேச்சு வந்தால் காபி எடுக்கப் போய்விடுவார். ஓடெல் பெக்கம் 2014இல் முதல் நாலு ஆட்டம் தொடைத்தசைக் காயத்தில் ஆடவே இல்லை, பொறுமையாகப் பெஞ்சில் வைத்திருந்தவருக்குப் பன்னிரண்டு ஆட்டத்தில் 1,305 யார்டு, 12 டச்டவுன் கிடைத்தது. உங்கள் அடிபட்ட ரன்னிங் பேக்கையும் ஐஆர் இடம் இருந்தால் அங்கே நகர்த்துங்கள், விட்டுவிடாதீர்கள். டிஃபென்ஸ், கிக்கர் இரண்டுக்கும் ஒரு டாலருக்கு மேல் செலவு வேண்டாம். எந்த அணி மோசமான குவார்ட்டர்பேக்கை எதிர்கொள்கிறதோ அந்த டிஃபென்ஸை அந்த வாரத்துக்கு எடுத்துக்கொண்டால் போதும்.

எனக்குத் தெரியாத இடத்தையும் சொல்லிவிடுகிறேன். காயம் எத்தனை வாரம் என்று நான் சொல்வதெல்லாம் பார்த்துப் பழகியது, நான் டாக்டர் இல்லை. யாருக்கு அடுத்து அடிபடும் என்பது எவருக்கும் தெரியாது, உங்களுக்கு உறுதியாகச் சொல்கிற ஆள் இருந்தால் அவரிடம் ஜாக்கிரதை. புதுமுக ரிசீவரின் 17 டார்கெட் தொடருமா என்பதிலும் எனக்கு முக்கால் நம்பிக்கைதான், லைக்லிக்குப் பிறகு முழு நம்பிக்கை எதிலும் வருவதில்லை. அவருடைய அணி அந்த இரண்டு ஆட்டத்திலும் பின்தங்கியிருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. அதைவிட, உங்கள் மாற்று ரன்னிங் பேக் மூன்றாவது டவுனில் (பத்து யார்டு போகக் கிடைக்கும் நாலு வாய்ப்பில் மூன்றாவது, பெரும்பாலும் பாஸ் எறியும் நேரம்) களத்தில் நின்றாரா, அல்லது அந்த நேரத்தில் இன்னொருவர் உள்ளே வந்தாரா என்பது எனக்குத் தெரிய வேண்டும். பாஸ் பிடிக்கும் வேலை வேறொருவருக்கென்றால் பிபிஆரில் நான் சொன்ன 45 ஐ முப்பதாகக் குறைத்துவிடுவேன். ஸ்னாப் கணக்கைப் பார்த்து செவ்வாய் இரவுக்குள் இங்கேயே எழுதுங்கள், பதில் போடுகிறேன்.